நகல்: இரண்டு கம்பெனிகளுக்கும்

தப்பா நினைச்சுக்காதீங்க சார். போன்ல நீங்க பேசினது காதுல விழுந்துச்சு. ஒட்டுக் கேக்கற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனா நீங்க பேசின சத்தத்துக்கு லால்குடி ஸ்டேஷன்ல நின்னவனுக்கும் விழுந்திருக்கும். உங்க பையன் பைலட்டு, கம்பெனி மாறலாமான்னு யோசிக்கறாரு, அப்படித்தானே? நீங்க என்ன சொன்னீங்க? "உனக்கு எது சந்தோஷமோ அதைச் செய்டா"ன்னு சொல்லி வச்சுட்டீங்க. அங்கதான் சார் எனக்குப் பொறுக்கல.

சந்தோஷமாம். முப்பத்திமூணு வருஷம் நான் பி.டபிள்யூ.டி.ல இருந்தவன். ஒரே ஆபீஸ், ஒரே செக்‌ஷன். சூப்பரின்டெண்டா ரிடையர் ஆனேன். அத்தனை வருஷத்துல ஒருத்தனாவது, "தணிகாசலம், நீ சந்தோஷமா இருக்கியா"ன்னு கேட்டிருப்பானா? கேட்டதில்ல. நானும் கேட்டுக்கிட்டதில்ல. எண்பத்திநாலுல என் பக்கத்து சீட்டுக்காரன் மஸ்கட்டுக்குப் போனான். எனக்கும் சேர்த்து விசா வருது, வாடான்னான். நான் போகல. அவன் போய் என்னென்னமோ ஆயிட்டான்னு சொல்றாங்க, ஆகட்டும். எனக்கென்ன குறைச்சல்? இருக்கறதை விட்டுட்டுப் பறக்கறதைப் பிடிக்காதேன்னு சும்மாவா சொன்னாங்க? அதுவும் உங்க பையனுக்கு உத்தியோகமே பறக்கறதுதான். அவர் ரெண்டு மடங்கு ஜாக்கிரதையா இருக்கணும்.

எனக்கெப்படித் தெரியும்னு பாக்கறீங்க. என் மாப்பிள்ளையும் பைலட்டு சார். கேப்டன் உதயசங்கர். ஒரே பொண்ணு எனக்கு, பூங்கோதை, அவளைக் கட்டினவரு. பத்து வருஷமா அந்தப் பெரிய கம்பெனியில ஓட்டினாரு. பேரு சொல்ல வேணாம், உங்களுக்கே தெரியும். காலையில நடக்கப் போற இடத்துல, மாப்பிள்ளை எந்தக் கம்பெனின்னு கேட்டா நான் பேரைச் சொல்லுவேன். அதுக்கு மேல ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான். அப்படிப்பட்ட கம்பெனி.

இருங்க, அரியலூர் வந்துடுச்சு. இப்ப ஒருத்தர் வருவாரு பாருங்க... வாங்க மாப்ளே. தண்ணி இருக்கு, வேணாம். மாத்திரையா? போட்டுட்டேன். இந்த ஜன்னலை மட்டும் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போங்க, காத்து காதுல அடிக்குது. சரி, சரி. நீங்க போய் உக்காருங்க.

பாத்தீங்களா, இவர்தான். டிக்கெட் அவருக்கு அடுத்த பெட்டியில கிடைச்சது. ஆனா ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் இறங்கி ஓடி வந்து, மாமா என்ன வேணும்னு கேக்கறாரு. முன்னெல்லாம் இப்படி இல்ல சார். மெட்ராஸ்ல அவர் வீட்டுக்கு நான் போனா, "வாங்க மாமா"ன்னுட்டு ரூமுக்குள்ள போயிடுவாரு. தூக்கமாம். இப்ப என் பெட்டியை அவர்தான் தூக்கறாரு, என் செருப்பை அவர்தான் எடுத்து வைக்கறாரு. அதுக்கெல்லாம் காலம் வரணும். சொல்றேன் கேளுங்க.

போன வருஷம் ஆனி மாசம். ஒரு புதுக் கம்பெனி அவரைக் கூப்பிட்டுச்சு. மொத்தமே பதினெட்டு விமானம் வச்சிருக்கான். நாளைக்கு இருப்பானா மாட்டானா தெரியாது. இவர் போறேங்கறாரு. ஏன்னு கேட்டேன். இங்க மனுஷனா நடத்த மாட்டேங்கறாங்க மாமாங்கறாரு. நாளைக்கு லீவுன்னு படுத்தா ராத்திரி மெசேஜ் வருதாம், விடிகாலை டூட்டின்னு. களைப்பா இருக்கு, இன்னிக்கு ஓட்டினா சரியா இருக்காதுன்னு எழுதிக் குடுத்தா ஹெட் ஆபீஸுக்குக் கூப்பிட்டு வராண்டாவுல ஒரு நாள் பூரா உக்கார வைக்கறாங்களாம். நான் சிரிச்சேன். மாப்ளே, எங்க எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் ரூம் வாசல்ல நான் உக்காந்த பெஞ்சில என் உருவமே பதிஞ்சிருக்கும், நான் என்ன செத்தா போயிட்டேன்னேன்.

அவருக்கு உண்மையான கோபம் வேற ஒண்ணு. அவங்கம்மா தவறின அன்னிக்கு இவர் டூட்டியில இருந்தாரு. நாலு ஊர் அன்னிக்கு, ஏறி ஏறி இறங்கணும். அவர் போன் அணைஞ்சு கிடக்கு. கோதை கம்பெனிக்குப் போன் பண்ணி, இந்த மாதிரி அத்தை போயிட்டாங்க, சொல்லிடுங்கன்னா. சொல்றோம்னாங்க. சொல்லல. நாலாவது ஊர்ல இறக்கிவிட்டு, கையெழுத்தெல்லாம் வாங்கிக்கிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குச் சொன்னாங்க. இவர் கும்பகோணம் போய்ச் சேர்றதுக்குள்ள சித்தப்பா மகன் கொள்ளி வச்சுட்டான். வீட்டுக்கு வந்து குளியல் ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதாரு. வருத்தந்தான், நான் இல்லேங்கல. ஆனா யோசிங்க. முன்னாடியே சொல்லியிருந்தா இவர் ஓட்டியிருப்பாரா? அத்தனை ஜனத்தோட கதி என்ன? கம்பெனி செஞ்சதுல ஒரு கணக்கு இருக்கு சார். இதை அவர்கிட்டயும் சொன்னேன். பதினாறாம் நாள் அன்னிக்குச் சொன்னேன்.

சரி, மாறணும்னா என்ன கிடைக்கும், என்ன போகும்னு பாத்துடுவோம்னு ஒரு பேப்பர் எடுத்தேன். நடுவுல கோடு. இந்தப் பக்கம் பாதுகாப்பு, அந்தப் பக்கம் சந்தோஷம். இந்தப் பக்கத்தை நானே ரொப்பினேன். பழைய கம்பெனி, பெரிய கம்பெனி, பத்து வருஷ சீனியாரிட்டி, மாறினா வரிசையில கடைசி ஆள், புதுக் கம்பெனி மூடினா நடுத்தெரு. பேப்பர் பத்தாம பின்பக்கம் வரைக்கும் போச்சு. அந்தப் பக்கத்தை நீங்க எழுதுங்கன்னு பேனாவைக் குடுத்தேன். ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. கடைசியில ஒரே ஒரு வரி எழுதினாரு. "அங்க வேலைக்குப் போறவங்க சிரிச்சுக்கிட்டே போறாங்க." அவ்வளவுதான். இதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது? சிரிக்கணும்னா சர்க்கஸுக்குப் போகலாமேன்னேன். கோதை எழுந்து உள்ள போயிட்டா.

அவரும் நானும் பேசிப் பிரயோஜனமில்லன்னு தெரிஞ்சுபோச்சு. திங்கட்கிழமை ராஜினாமா லெட்டர் குடுக்கப் போறேன்னுட்டாரு. கேப்டன்னா லெட்டர் குடுத்தப்புறம் ஒரு வருஷம் பழைய கம்பெனிக்கே ஓட்டணும், அப்பதான் விடுவாங்க. அந்த ஒரு வருஷத்துக்கும் புதுக் கம்பெனி காத்திருக்கும். ஆனா லெட்டரை மட்டும் அந்த மாசத்துக்குள்ள குடுத்தாகணும், இல்லன்னா அவன் வேற ஆளைப் பிடிச்சுப்பான். நான் யோசிச்சேன். ஒரு மாசம் தள்ளிப் போட்டா போதும். தானா முடிஞ்சிடும். ஒரு மாசத்தை எப்படித் தள்ளறது?

நீங்க எந்த டிபார்ட்மெண்ட்? பிரைவேட்டா. அப்ப உங்களுக்குத் தெரியாது. கவர்ன்மெண்ட்ல ஒரு மனுஷனைக் காப்பாத்தறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு கடவுள், இன்னொண்ணு மெடிக்கல் சர்டிபிகேட். என்னை ராமநாதபுரத்துக்கு மாத்தினான், மெடிக்கல் போட்டேன். தர்மபுரிக்கு மாத்தினான், மெடிக்கல் போட்டேன். மூணாவது தடவை ஆர்டர் டைப் அடிக்கறப்பவே மெடிக்கல் போட்டேன். நான் உக்காந்த நாற்காலியை ஒருத்தனால அசைக்க முடியல. உடம்பு சரியில்லாதவனை யாரும் தொட மாட்டான் சார். அதுதான் நம்ம ஊரு தர்மம்.

மாப்பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை வருஷாந்தர மெடிக்கல். பைலட்டுக்கெல்லாம் அது உண்டு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மெட்ராஸ்ல டாக்டர் ஜம்புலிங்கம்னு ஒருத்தர் பாக்கறாரு. அவர் பேரை மாப்பிள்ளை பேப்பர்ல பாத்து வச்சுக்கிட்டேன். உக்காந்து ஒரு லெட்டர் டிராஃப்ட் பண்ணினேன். ஒரு மாசம் ஓய்வு தேவைன்னு டாக்டர் எழுதணும், அதுக்கு வேண்டிய விஷயத்தை நாம குடுக்கணும். சும்மா வயித்து வலின்னு எழுதினா எவனும் லீவு தர மாட்டான். மஞ்சக்காமாலைன்னு எழுதணும். இது எங்க செக்‌ஷன்ல சின்னப் பையனுக்கும் தெரியும்.

குளியல் ரூம்ல ஒரு நாள் அழுதாருன்னு சொன்னேனா? "தினமும் அழுகிறார்"னு எழுதினேன். தூக்கம் சரியில்ல மாமான்னு ஒரு தடவை சொன்னாரு. "மூன்று மாதமாகத் தூக்கமே இல்லை"ன்னு எழுதினேன். அப்புறம் ஒண்ணு. இவங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பரீட்சை மாதிரி ஒண்ணு வருது. அதுக்கு முன்னாடி இவர் என்ன செய்வாருன்னா, விமானத்துல முன்னாடி இருக்குமே, அந்தப் பொத்தானெல்லாம் உள்ள படத்தைச் சுவத்துல ஒட்டி வச்சுக்கிட்டு, எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்து, அதைத் தொட்டுத் தொட்டு முணுமுணுப்பாரு. நம்ம பசங்க பரீட்சைக்கு மனப்பாடம் பண்ற மாதிரிதான். எல்லா பைலட்டும் செய்வாங்களாம், கோதை சொல்லியிருக்கா. அதையும் எழுதினேன். "சுவரைப் பார்த்துத் தனியாகப் பேசுகிறார், இல்லாத பொத்தான்களை அழுத்துகிறார்." படத்தைப் பத்தி எழுதல. எழுதினா வரி பலமில்லாம போயிடும். டிராஃப்டிங்னா அப்படித்தான் சார், தேவையானது மட்டும் இருக்கணும்.

எல்லாம் இங்கிலீஷ்ல. என் இங்கிலீஷை கலெக்டரே பாராட்டியிருக்காரு. கீழ நகல் போட்டேன். ஒண்ணு பழைய கம்பெனிக்கு, ஒண்ணு புதுக் கம்பெனிக்கு. நகல் இல்லாத லெட்டருக்கு மதிப்பே கிடையாது. வாங்கினவன் மேஜைக்கு அடியில போட்டுடுவான். நாலு பேருக்குப் போயிருக்குன்னு தெரிஞ்சாத்தான் அசைவான். மூணையும் ரிஜிஸ்டர் தபால், ஒப்புகை அட்டையோட.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த டாக்டரே எனக்குப் போன் பண்ணிட்டாரு. "ஐயா, நீங்க எழுதினதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா? இதை நான் பதிவு பண்ணினா அந்தப் பையன் திரும்ப விமானம் ஏறவே முடியாம போகலாம். நிஜமாவே இப்படி இருந்தா நல்லது செஞ்சிருக்கீங்க. இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க, நேர்ல வந்து வாபஸ் வாங்கிக்குங்க"ன்னாரு. எனக்குச் சுருக்குன்னு வந்துடுச்சு. நான் கையெழுத்துப் போட்ட பேப்பர் சார். முப்பத்திமூணு வருஷத்துல ஒரு பேப்பரை நான் வாபஸ் வாங்கினதில்ல. ரிஜிஸ்டர்ல வந்ததை வரலன்னு சொல்லப் போறீங்களா டாக்டர், மத்த ரெண்டு இடத்துக்கும் நகல் போயிருக்கேன்னேன். அவர் போனை வச்சுட்டாரு.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் புரியாத விஷயம். ஒரு மாசம் லீவு குடுப்பாங்கன்னு பாத்தா, தற்காலிகமா தகுதியில்லன்னு எழுதிட்டாங்க. மனநல டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. அவர் ஒண்ணுமில்லங்கறாரு, ஆனா பேப்பர் இருக்கேங்கறாரு. இன்னொரு இடத்துக்கு அனுப்பினாங்க. புதுக் கம்பெனி ரெண்டே வரியில, எடுத்துக்க முடியலன்னு எழுதிட்டான். பழைய கம்பெனி ஆறு மாசம் பாத்துட்டு, உடல்நிலை காரணமா விடுவிக்கறோம்னான். பத்து வருஷம் சார்! எனக்குத் தாங்கல. கவர்ன்மெண்ட்னா இப்படிச் செய்வானா? மெடிக்கல் போட்டவனைத் தொடுவானா? இந்தப் பைலட்டு உத்தியோகத்துல மெடிக்கல்னா வேற மாதிரியாம். டாக்டர் முன்னாடி போய் நின்னா, காய்ச்சலே அடிச்சாலும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லணுமாம். இதை எனக்கு யார் சொன்னா? ஒருத்தரும் சொல்லல. வீட்டுல ஒரு பெரியவன் இருக்கானே, கேட்டுச் செய்வோம்னு அவங்களுக்கு இருந்திருந்தா இந்த நிலைமை வருமா?

விருத்தாசலம்... ஆமா மாப்ளே, நல்லா இருக்கேன். இவர்கூடப் பேசிக்கிட்டு வர்றேன், பொழுது போகுது. தலையணையா? எதுக்கு, பகல்ல நான் தூங்க மாட்டேன். சரி, முதுகுக்கு வைங்க. இன்னும் கொஞ்சம் கீழே. ஆங், போதும்.

பாருங்க, அவரோட சால்வையை மடிச்சு வச்சுட்டுப் போறாரு. மெட்ராஸ் வீட்டைக் காலி பண்ணிட்டு இப்ப என் வீட்டு மாடியிலதான் இருக்காங்க. கண் முன்னாடி இருக்காங்க, எனக்கு அது ஒரு நிம்மதி. முன்னெல்லாம் பேத்தியை வருஷத்துக்கு ரெண்டு தடவை பாப்பேன். இப்ப தினம் பாக்கறேன். கோதைதான் என்கிட்ட பேச்சு வார்த்தை கிடையாது. பத்து மாசம் ஆச்சு. சாப்பாட்டைக் கொண்டுவந்து வச்சுட்டு மேல போயிடுவா. லெட்டர் ஜெராக்ஸ் அவர் ஃபைல்ல இருந்திருக்கு, அடியில என் கையெழுத்து. அதைப் பாத்ததுலேருந்து இப்படி. பெத்த அப்பன் எதுக்குச் செஞ்சான்னு யோசிக்கத் தெரியல. புண்ணியத்துக்குக் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாத்த கதைதான்.

மாப்பிள்ளை அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. ஒரு தடவை மட்டும் மாடிப்படியில நின்னு, "மாமா, அந்தப் படத்தை நீங்களே பாத்திருக்கீங்கல்ல?"ன்னாரு. ஆமான்னேன். சரின்னு இறங்கிப் போயிட்டாரு. குணசாலி.

நாளைக்கு மெட்ராஸ்ல மெடிக்கல் போர்டு. இவர் மேல்முறையீடு போட்டிருந்தாரு. அவங்க என்ன சொல்லிட்டாங்கன்னா, எல்லா டாக்டரும் நல்லா இருக்காருன்னுதான் எழுதியிருக்காங்க, தடையா இருக்கறது அந்த லெட்டர் ஒண்ணுதான், எழுதினவர் நேர்ல வந்து சொல்லட்டும்னு. அதாவது நான். எனக்குப் பேர் போட்டு கடிதாசி வந்திருக்கு சார், பையில இருக்கு, காட்டறேன். புதுக் கம்பெனிக்காரனும் திரும்பப் பேசியிருக்கான் போல. லைசென்ஸ் வந்தா எடுத்துக்கறேங்கறானாம்.

நேத்து கோதை வந்து என் முன்னாடி நின்னா. பத்து மாசத்துக்கு அப்புறம் "அப்பா"ன்னா. "அப்பா, ஒரே ஒரு வார்த்தை. கூட்டி எழுதிட்டேன்னு சொல்லுங்க. உங்களை யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க, வக்கீல்கிட்ட கேட்டுட்டேன். அவர் தினமும் மாடியில அந்தப் படத்துக்கு எதிர்ல நாற்காலியில போய் உக்காந்துட்டு வர்றாருப்பா. அவருக்கு வேற ஒண்ணும் தெரியாது"ன்னா. பாத்துக்கலாம் போம்மான்னேன்.

என்ன பாக்கறது? நல்லா யோசிங்க. கூட்டி எழுதினேன்னு சொன்னா என்ன ஆகும்? தணிகாசலம் பொய் எழுதினான்னு ஆகும். அதிகாரிங்க முன்னாடி, என் வாயால. சரி, என் மானம் போகட்டும், மாப்பிள்ளைக்காகப் போகட்டும்னு வச்சுக்குவோம். லைசென்ஸ் வந்தா என்ன செய்வாரு? நேரா அந்தப் பதினெட்டு விமானக்காரன்கிட்ட போவாரு. எதுக்காக நான் இத்தனை பாடுபட்டேனோ அது வீண். மெட்ராஸ்ல திரும்ப வீடு பாப்பாங்க. பேத்தி போயிடுவா. அவன் ரெண்டு வருஷத்துல கம்பெனியை மூடுவான், இவர் நடுத்தெருவுல நிப்பாரு. தெரிஞ்சே தள்ளிவிடச் சொல்றீங்களா?

நான் சும்மா இருக்கல சார். உறையூர்ல ஒரு எய்டட் ஸ்கூல், தாளாளர் எனக்கு நாற்பது வருஷப் பழக்கம். ஆபீஸ்ல ஒரு எழுத்தர் இடம் காலி. பர்மனெண்ட். அம்பத்தெட்டு, அறுபது வயசு வரைக்கும் எவனும் கேக்க முடியாது. காலையில ஒன்பதரைக்குப் போனா சாயங்காலம் அஞ்சுக்கு வீடு. திங்கட்கிழமை சேரணும். மாப்பிள்ளைக்கு இன்னும் தெரியாது. போர்டு முடியட்டும், ஒரு கதவு மூடினதும் இன்னொண்ணு திறந்துச்சுன்னு சந்தோஷப்படுவாரு. சந்தோஷம் சந்தோஷம்னாரே, அது இப்படித்தான் வரும்.

அதனால நாளைக்கு, "இதுல எழுதியிருக்கறது உண்மையா"ன்னு கேப்பாங்க. அத்தனையும் உண்மைன்னு சொல்லிடுவேன். இப்பவும் சுவரைப் பாத்து உக்காந்திருக்காருன்னும் சொல்லுவேன். அது பொய் இல்லியே, கோதையே சொன்னாளே.

ஏன் சார் பேச மாட்டேங்கறீங்க? தண்ணி வேணுமா?

விழுப்புரம் வந்துடுச்சு. இதோ டீயோட வர்றாரு... வாங்க மாப்ளே. சர்க்கரை கம்மியாத்தானே? நல்லது. என்ன, ஏன் நிக்கறீங்க? சொல்லுங்க, இவர் இருந்தா பரவாயில்ல, நம்ம மனுஷர்தான். நாளைக்கா? நாளைக்கு என்ன சொல்லுவேன்னு கேக்கறீங்களா? இதென்ன கேள்வி? உங்க நல்லதுக்கு என்ன சொல்லணுமோ அதைத்தான் சொல்லுவேன். உங்களுக்குக் கெடுதல் வர்ற ஒரு வார்த்தை என் வாயிலேருந்து வராது. போதுமா? அட, என்ன இது, ரயில்லயா? எழுந்திருங்க மாப்ளே, ஜனங்க பாக்கறாங்க. நல்லா இருங்க, நல்லா இருங்க. போங்க, வண்டி எடுத்துடப் போறான்.

பாத்தீங்களா சார்? கால்ல நெத்தி படறாப்ல விழுந்து கும்பிட்டுட்டுப் போறாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு பாத்தீங்களா? கல்யாணத்தன்னிக்குக்கூட லேசா குனிஞ்சதோட சரி, பேன்ட் கசங்கும்னு. எழுந்திருங்கன்னு வாய்தான் சொல்லிச்சு, இன்னும் ரெண்டு பேர் பாத்தா பாக்கட்டும்னுதான் மனசுல இருந்துச்சு. ஒளிப்பானேன்.

பதினோரு மணிக்குப் போர்டு. நான் பத்தரைக்கே போயிடுவேன். சாட்சி சொல்றவன் லேட்டாப் போகக் கூடாது.